ரங்கூன் வீடு

வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்த யாரும் கதவு எண் கேட்டு வீடு தேடியதாக எனக்கு நினைவில்லை. முனையில் அடிபம்பைச் சுற்றி நிற்கிற பெண்களிடம் 'எருமை மாட்டுக்காரர் வீடு', 'மந்திரிக்கிறவர் வீடு', 'செவிட்டு வாத்தியார் வீடு' என்று சொன்னால் போதும். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டு, வந்தவர் யார், என்ன காரியமாக வந்தார் என்பதையும் தெரிந்துகொண்டுதான் திரும்புவாள். எங்கள் வீடு 'மில்லுக்காரர் வீடு'. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் வேலை செய்தவர்கள் தெருவில் பலர் இருந்தும் அந்தப் பெயர் எப்படியோ என் அப்பாவுக்கு மட்டும் ஒட்டியது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி, வேப்பமரத்தை ஒட்டி, 'ரங்கூன் வீடு'. இன்று அதே தெருவில் ஒவ்வொரு கதவிலும் பழைய எண், புது எண் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. சாப்பாடு கொண்டுவருகிற பையன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாவது மாடி ஏறிக் கொடுத்துவிட்டுப் போகிறான். வீட்டைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாகிவிட்ட தெருவில், வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் நான் போய் நின்றேன்.

தேடச் சொன்னது என் அக்கா. அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் நீண்டு கிடக்கிற பகலில் அவளுக்குப் பழைய தெரு ஞாபகம் வந்துவிடுகிறது. ரங்கூன் வீட்டு மூத்த பெண்ணும் அவளும் ஒன்றாகத் தண்ணீருக்கு நின்றவர்கள், ஒரே மாதத்தில் தாவணிக்கு மாறியவர்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கொள்கிறவர்கள். அந்தப் பெண்ணை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் இருந்த பெயர் அக்காவுக்கே மறந்துபோயிருந்தது. செல்லப் பெயரை வைத்து முகநூலில் ஒருத்தியைத் தேட முடியாது. "அங்க இன்னும் பழைய ஆளுங்க இருப்பாங்கடா, போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்" என்றாள்.

ரங்கூன் வீட்டுக்காரர்கள் 1965-ல் கப்பலில் வந்து இறங்கியவர்கள். 1962 மார்ச் மாதம் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கியும் கடைகண்ணியும் அரசுடைமை ஆனதும், 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனதும், சில ஆண்டுகளுக்குள் சுமார் மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறியதும் நான் பின்னால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. தெருவில் எங்களுக்கு அந்தச் சரித்திரத்தைச் சொன்னவள் ரங்கூன் வீட்டுப் பாட்டி. திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு அவள் சொல்கிற கதையில் நே வின் வரவே மாட்டார். ஒரு பாத்திரக் கடை வரும், அதன் பூட்டு வரும், சாவியை வாங்கிக்கொண்டு போன சிப்பாய்க்கு அவள் பேரன் வயதுதான் இருக்கும் என்பது வரும். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கான ஜனங்கள் காட்டையும் மலையையும் கடந்து கால்நடையாகவே இந்தியாவுக்குக் கிளம்பி, வழியில் பல்லாயிரம் பேர் செத்து விழுந்தபோதுகூட ஊரைவிட்டு நகராமல் நின்றவள் தான் என்று சொல்லி, "அப்ப போகாதவள இப்ப அனுப்பிட்டானுங்க" என்று முடிப்பாள். தங்கத்தைக் கொண்டுவர விடாத கப்பலில் அவள் கொண்டுவந்தது ஒரு வட்டக் கல். தனக்காக் கட்டையை அதில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வருகிற குழம்பைக் கன்னத்தில் பூசிக்கொண்டு பேத்தியும் என் அக்காவும் மஞ்சளும் வெள்ளையுமான முகத்தோடு அடிபம்புக்குப் போவார்கள். அம்மா திட்டுவாள். அடுத்த நாள் அம்மாவே முகப்பருவுக்கு அது நல்லதாமே என்று ஒரு கிண்ணியில் வாங்கி வரச் சொல்வாள்.

சாயங்காலம் மில் சங்கு ஊதி ஷிப்டு விடுகிற நேரத்தில் ரங்கூன் அம்மா வேப்பமரத்தடியில் ஒரு மரமேஜையைக் கொண்டுவந்து போடுவார். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், கடலைமாவு, வறமிளகாய்த் தூள், மேலே நொறுக்கிப் போட மொறுமொறுவென்று பேஜோ. எல்லாவற்றையும் ஒரு ஏனத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தால் அதுதான் அத்தோ. பக்கத்தில் பெரிய அலுமினியக் குண்டானில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அத்தோவுக்குக் காசு, சூப்புக்குக் காசில்லை. காசில்லாத பிள்ளைகள் மேஜைக்கு எதிரே சும்மா நின்றால் ஐந்து நிமிஷம் கழித்து ரங்கூன் அம்மா நிமிர்ந்து பார்க்காமலே ஒரு கிண்ணத்தை நீட்டுவார். அந்த ஐந்து நிமிஷத்தில் நாங்கள் வேப்பம்பழம் பொறுக்குவதாகவும், பம்பரக் கயிறு சுற்றுவதாகவும், எதற்காகவும் நிற்காதவர்களாகவும் இருப்போம். இப்போது சென்னை முழுக்க அத்தோக் கடைகள். பாரிமுனைக்குப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் வரிசையாக இருக்கின்றன, கையுறை மாட்டிக்கொண்டு பிசைகிறார்கள், கைபேசியில் சொன்னால் வீட்டுக்கு வருகிறது. ருசிக்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன். எதிரே நின்று காத்திருக்க ஒரு மேஜை இல்லை, அவ்வளவுதான்.

தெரு அவர்களை எப்போதும் அன்பாக நடத்தியது என்று எழுதினால் அது பொய். நாப்பி என்கிற மீன் விழுதை வறுக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகள் படாரென்று ஜன்னலைச் சாத்தும். கருவாட்டைத் தினமும் தின்கிற வீடுகளும் சாத்தும். 'பர்மாக்காரி' என்று பேர் சொல்லாமல் ஏசியவர்கள் உண்டு. பாட்டியின் சுருட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை அந்தத் திண்ணைப் பக்கம் போகவிடாதவர்களும் உண்டு. அதே பெண்கள்தான் ரங்கூன் அம்மாவின் மூன்றாவது பிரசவத்துக்கு முறை போட்டுக்கொண்டு கஞ்சி வைத்துக்கொடுத்தார்கள். அந்தத் தெருவில் சண்டைக்கும் ஒத்தாசைக்கும் தனித்தனி ஆட்கள் இருந்ததில்லை.

1978 வாக்கில் ஒரு நாள் மேஜை வரவில்லை. மறுநாள் வீடு பூட்டியிருந்தது. அதற்குமேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. பத்திரிகை கொடுக்கப் போனவள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையைப் பல வருஷம் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

தெருவில் நான் முதலில் போய் நின்றது இட்லிக்கார ஆயா வீட்டில். ஆயாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும், ஒரு கண் தெரியவில்லை. பேத்தி என்னை யாரென்று கத்திச் சொல்வதற்கு முன்பே என் குரலில் எங்கள் அப்பாவைக் கேட்டுவிட்டு, "மில்லுக்காரரு புள்ளையா, வா கண்ணு, குந்து" என்றாள். ரங்கூன் வீடு என்றதும் அவளுக்கு முதலில் வந்தது மனிதர்கள் யாருமில்லை, ஒரு குடம். "மூக்கு நசுங்கின அலுமினியக் குடம். அது வரிசைல இருந்தா அவ இருக்கான்னு அர்த்தம். யாரும் தள்ளி வைக்கமாட்டோம்." தண்ணீர் வரிசையில் குடம் நிற்கும், ரேஷன் வரிசையில் செங்கல் நிற்கும், ஆள் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு வரும் காலம் அது. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு பெண், ஒரு ஆண் என்றாள் ஆயா. இல்லை ஆயா, நீயே ரெண்டு பையன்னுதானே சொல்லுவே என்றாள் பேத்தி. மூன்றாவது பிள்ளை பிறந்த நாள் ராத்திரி தான் வைத்த கஞ்சியின் பக்குவத்தை ஆயா விவரமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்பதில்தான் தகராறு. எங்கே போனார்கள்? "வட்டிக்காரன் தொல்லை. ராவோட ராவா போனாங்க. அந்தமான்னு சொன்னாங்க."

இஸ்திரிக்காரர் மகன் இப்போது அதே இடத்தில் அதே தொழிலைக் காஸ் இஸ்திரிப்பெட்டியில் செய்கிறார். அவருடைய அப்பா சொன்னதாக அவர் சொன்ன கதையில் அந்தமான் இல்லை. ரங்கூன் ஐயா துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார், பர்மா பஜாரில் ஒரு கடை கிடைக்கும் என்று காத்திருந்து கிடைக்காமல் போயிற்று, அதனால் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஊர் இராமநாதபுரம் பக்கம். பர்மா பஜார் 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வந்தது. அதில் கடை கிடைத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பது அன்று தெருவில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அதே 1969-ல்தான் தாயகம் திரும்பியவர்களுக்காக ரெப்கோ வங்கியும் தொடங்கினார்கள். அதெல்லாம் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்கிறவர்களுக்குக் கிடைத்தது. இடுப்பு ஒடிந்து கிடக்கிறவரின் காதில் எது எப்போது விழுந்ததோ.

செவிட்டு வாத்தியார் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். கீழே கேமரா, இரும்புக் கதவு, அதற்குள் ஒரு காவலாளி. ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞன், இருபது வயது இருக்கும். ஊரை விட்டு வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். என் அரைகுறை இந்திக்கு அவன் அழகான சென்னைத் தமிழில் பதில் சொன்னான். மாடியில் இருக்கிறவர்களுக்கு அவன் பெயர் தெரியுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. என் அக்கா ஒரு தடவை பகல் காட்சிக்குப் போனதை, படம் முடிவதற்குள் மூன்று பேர் வீட்டில் வந்து சொல்லிவிட்ட தெரு இது. அந்தக் கண்களிலிருந்து தப்பித்து வளர்கிற இன்றைய பெண்பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் பூட்டிக்கொண்டு போனால் நாற்பது வருஷம் கழித்து அதன் குடம் நசுங்கியிருந்ததைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அதே கண்கள்தான் வேண்டியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி இருந்தால் யாராவது சொல்லட்டும்.

தையல்கார மாமாவிடம்தான் நூல் பிடிபட்டது. கடையை மகனுக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷத்தை அவர் ஆள் வைத்து நினைவு வைத்திருப்பவர். "என் காஜா பையன் சொல்லாம கொள்ளாம போனானே, அந்த வருஷம்தான். அவுங்க போய் ஒரு மாசத்துல இவன் போனான். அந்த வீட்டு சூப்பைக் குடிச்சே வளந்தவன்." பையனுக்குத் தர வேண்டிய வாரக் கூலி பதினொரு ரூபாயை ஒரு தீப்பெட்டிக்குள் மடித்து வைத்துக் கல்லாவில் போட்டிருந்தாராம், பல வருஷம். பிறகு சொன்னார்: "மோரேன்னு ஒரு ஊர்ல இருந்து அவுங்களுக்கு லெட்டர் வரும். இங்கிலீஷ்ல அட்ரஸ். நான்தான் படிச்சுக் காட்டுவேன். மணிப்பூர்."

மோரே என்றதும் எனக்குப் பாட்டியின் முகம் வந்தது. மணிப்பூரின் எல்லையில் இருக்கிற ஊர் அது. இம்பாலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எதிரே பர்மாவின் தமு. கப்பலில் வந்து இறங்கிய ஜனங்களில் சிலர் இந்த மண்ணில் வேர்பிடிக்க முடியாமல், பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று ரயிலேறி, மலைப்பாதை கடந்து, எல்லையில் பர்மா ராணுவம் தடுத்து நிறுத்தியதால் அங்கேயே குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 1960-களின் நடுவில் அப்படித் தொடங்கிய குடியிருப்பில் பிறகு தமிழ்ச் சங்கம் வந்தது, அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் வந்தது, எல்லை வியாபாரத்தில் தமிழ் ஒரு கடைத்தெருப் பேச்சாகவே ஆனது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1990-களின் கலவரங்களுக்குப் பிறகு குறைந்து போனார்கள். நிறையப் பேர் மறுபடி சென்னைக்கே வந்தார்கள். தஞ்சைச் சீமையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ பாட்டனார் கப்பலேறிப் போக, பேரன் கப்பலில் திரும்ப, அவன் பிள்ளைகள் ரயிலில் போய், ரயிலில் வர, ஒரே குடும்பம் நூறு வருஷத்துக்குள் எத்தனை தடவை மூட்டை கட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் போனதற்கு வட்டிக்காரன் தேவையே இல்லை என்று தோன்றுகிறது. இன்னொரு தடவை எல்லோரிடமும் விடைபெற்று அழ அந்தப் பாட்டிக்குத் தெம்பு இருந்திருக்காது.

மோரேயிலிருந்து வந்தவர்கள் செகண்ட் லைன் பீச்சில் கடை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒவ்வொரு மேஜையாக நின்று சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன். மூக்கு நசுங்கிய குடத்தை வைத்து எதுவும் நடக்கவில்லை. சுருட்டுப் பாட்டியை வைத்து நடந்தது. ஒரு கடைக்காரர் பிசைந்த கையோடு நிமிர்ந்து, "சுருட்டா? திண்ணைல உக்காந்து நே வின்ன ஏசுற பாட்டியா?" என்றார். எங்களிடம் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லாத பாட்டி மோரேயில் வாய் திறந்து ஏசியிருக்கிறாள்! பாட்டியின் இரண்டாவது பேரன் எண்ணூர்ப் பக்கம் இருக்கிறார், கடைக்கு நூடுல்ஸ் போடுகிறவர் அவர்தான் என்று சொல்லி அங்கேயே கைபேசியில் கூப்பிட்டார். பேரன் வந்தார். நரைத்த மனிதர். என்னைப் பார்த்துச் சிரித்தபோது கீழ்வரிசைப் பல் இடைவெளியில் எங்களோடு பம்பரம் விட்ட பையன் தெரிந்தான்.

பாட்டி 1983-லும் அம்மா அதற்கு இருபது வருஷம் கழித்தும் மோரேயிலேயே காலமானார்கள். அப்பா இடுப்பு வலியோடு எழுபத்தெட்டு வயதுவரை இருந்தார். மூத்த பெண் அங்கேயே ஒரு தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தபோது வீடும் எரிந்து, மகனோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு வருஷமாக எண்ணூரில்தான் இருக்கிறாள். அக்கா அம்பத்தூரில். மூன்றாவது பிள்ளை ஆண்தான். ஆயாவின் பேத்தி சொன்னதுதான் சரி.

அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டுப் பேச வைத்தேன். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை, பிறகு இருவருமே பேசினார்கள், பிறகு எண்ணூர்க்காரி கேட்க ஆரம்பித்தாள். எருமை மாட்டுக்காரர் வீட்டில் அந்த வெள்ளைக் கன்று பிழைத்ததா? செவிட்டு வாத்தியார் மகள் அந்தப் பையனையே கட்டிக்கொண்டாளா? ஆயா இன்னும் இட்லிக்குப் பச்சைமிளகாய்ச் சட்னியா, தேங்காயா? இஸ்திரிக்காரருக்குக் கால் வெந்ததே, ஆறிற்றா? நாலு வீடு வலது பக்கம், பிறகு எதிர்ச்சாரி, பிறகு முட்டுச்சந்து என்று வரிசை தவறாமல் கேட்டுக்கொண்டே போனாள். அங்கேயே கல்யாணம்வரை இருந்த அக்காவுக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை. நான் அப்போதுதான் தெருவைச் சுற்றிவிட்டு வந்ததால் இருந்தவர், போனவர், வீட்டை விற்றவர் என்று தெரிந்ததைச் சொன்னேன். மில் என்ன ஆயிற்று என்றாள். 1996-ல் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி என்றேன். அப்படியானால் சங்கு ஊதுவதில்லையா, மேஜையை எப்போது போடுவார்கள் என்று அவள் கேட்டதற்கு அக்கா சிரித்த சிரிப்பை நான் நாற்பத்தைந்து வருஷமாகக் கேட்டதில்லை.

தையல்கார மாமா இருக்கிறாரா என்று கடைசியில் கேட்டாள். இருக்கிறார், அவருடைய காஜா பையனைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"அவன் எங்கள மோரேக்குத் தேடிக்கினு வந்தவன்தான். எங்க வூட்லதான் இருந்தான், அம்மா கையாலதான் சாப்ட்டான். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிக்கினு இருக்கான், இருவது மிஷின் ஓடுது" என்றாள். "நம்பர் எழுதிக்கோ தம்பி. மாமாகிட்ட குடு. பதினோரு ரூபா பாக்கின்னு தீவாளிக்கு தீவாளி சொல்லிக்கினேகிறான்."